மணி அடித்த பிறகு வகுப்புக்குள் வந்தவர்

(திருப்பாச்சூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு பெரியது: உயர்கல்வியும் எளிய குடும்பத்துப் பிள்ளைகளும். அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கட்-ஆஃப், நீட், ஜே.இ.இ., கலந்தாய்வு, எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு என்று பள்ளி முடிந்ததும் வீட்டுக்கு வீடு இதே பேச்சாக இருக்கிறது. பெரிய கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் தெருவே வந்து வாழ்த்துகிறது. முச்சந்தியில் பேனர் வைக்கிறோம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை அங்கே எப்படி இருக்கிறது என்று விசாரிக்க ஆளில்லை. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது "காலேஜ் எப்படிப்பா இருக்கு?" என்று அம்மா கேட்பார். "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடும். அந்த "நல்லா இருக்கு" எதையெல்லாம் மறைக்கிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக்காரர் ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். 1997இல் தனி மாவட்டம் ஆகும்வரை திருவள்ளூரும் அந்தப் பக்கத்தோடு சேர்ந்ததுதானே. இரட்டைமலை சீனிவாசன் மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு சேர்ந்து உட்கார்ந்தவர். 1939இல் தம் வாழ்க்கை வரலாற்றைச் சிறு நூலாக வெளியிட்டார். அதில் கோயம்புத்தூரில் கல்லூரி படித்த நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் போக மீதி எல்லோரும் பிராமணர்கள். சாதி ஆசாரம் கடுமையாக இருந்த காலம். தன்னுடைய சாதியும் குடும்பமும் குடியிருக்கும் இடமும் தெரிந்துவிட்டால் கேவலமாக நடத்துவார்கள் என்று பயந்து, அவர் கல்லூரிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் வருவார். வகுப்பு முடிந்ததும் யாரும் பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுப்பதற்குள் வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். மற்ற பிள்ளைகளோடு கூடி விளையாட முடியாமல் போனதை நினைத்து வருந்தியதையும் சொல்லியிருக்கிறார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவரைக் கல்லூரியிலிருந்து யாரும் வெளியேற்றவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தது, பாடம் காதில் விழுந்தது. நிர்வாகத்தைக் கேட்டிருந்தால் "எங்களிடம் படிக்கிற பையன்" என்றுதான் பதில் சொல்லியிருப்பார்கள். ஆனால் மணிக்கு முன்னும் பின்னும் உள்ள நேரம் முழுவதையும் அவர் இழந்தார். பெரிய கல்லூரியில் பாதிப் படிப்பு அந்த நேரத்தில்தான் நடக்கிறது. எந்தப் பேராசிரியரிடம் புராஜெக்ட் கேட்கலாம், எந்த நிறுவனம் இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுக்கிறது, அரியர் விழுந்தால் யாரைப் போய்ப் பார்ப்பது, வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கச் சிபாரிசுக் கடிதம் எப்போது கேட்க வேண்டும் என்பதெல்லாம் கேன்டீன் மேசையிலும் விடுதி வராந்தாவிலும் கை மாறுகிற செய்திகள். பாடத்திட்டத்தில் தேடினால் கிடைக்காது. பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு அவை சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே வந்து சேர்ந்துவிடுகின்றன.

இங்கிருந்து தினமும் கிண்டியில் உள்ள கல்லூரிக்குப் போய் வருகிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். திருப்பாச்சூரிலிருந்து பஸ்ஸில் திருவள்ளூர் ஸ்டேஷன், அங்கிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷன், மறுபடி தாம்பரம் ரயிலில் கிண்டி. வில்லிவாக்கம் தாண்டி வண்டி நின்று நின்று போனால் முதல் வகுப்பு போச்சு. மாலையிலும் அந்த ரயிலைப் பிடித்தாக வேண்டும் என்பதால் மணி அடித்ததும் ஓட்டம்தான். சீனிவாசன் ஓடியது பயத்தால்; இந்தப் பிள்ளை ஓடுவது தூரத்தால். காரணம் வேறானாலும் இருவரும் இழப்பது ஒரே நேரத்தைத்தான். தூரத்தோடு பயமும் சேர்ந்துகொள்ளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

சீனிவாசன் அவ்வளவு பாடுபட்டு மறைத்ததை இன்றைய கல்லூரிகள் நடு வகுப்பில் உரக்க அறிவிக்கின்றன. இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். பாடம் நடந்துகொண்டிருக்கும்போது அலுவலக உதவியாளர் சுற்றறிக்கையோடு உள்ளே வருவார். "எஸ்.சி., எஸ்.டி. ஸ்டூடன்ட்ஸ் ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வாங்க ஆபீஸுக்கு வரணும்" என்று வாசித்துவிட்டுப் பெயர்களையும் வாசிப்பார். எழுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் எட்டுப் பேர் எழுந்திருப்பார்கள். முதல் வாரத்திலேயே அந்த எட்டுப் பேர் யார் என்று மீதிப் பேருக்குத் தெரிந்துவிடும். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் கட்டணம் கட்டாதவர்கள் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். பெயருக்கு எதிரே "ஸ்காலர்ஷிப் வரவில்லை" என்று எழுதியிருக்கும். அரசு அனுப்ப வேண்டிய பணம் தாமதமானதற்கு அவமானம் மாணவிக்கு. அந்தப் பலகை இருக்கிற பக்கமே போகாமல் சுற்றுப் படிக்கட்டில் ஏறி வகுப்புக்கு வந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பெண். அப்பா சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்காலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. மூன்று மாதம் அவள் அந்தப் படிக்கட்டில்தான் வந்தாள். ஒரு குறுஞ்செய்தியில் முடிக்க வேண்டிய விஷயம் அது.

அவளைப் போன்ற பிள்ளைகள் பொய்யும் சொல்லப் பழகிக்கொள்கிறார்கள். குழுவாக புராஜெக்ட் செய்பவர்கள் காபி ஷாப்பில் கூடலாம் என்பார்கள். ஒரு காபி இருநூறு ரூபாய். "ஊருக்குப் போகணும்" என்று அந்தப் பிள்ளை நழுவிவிடும். அடுத்த முறை யாரும் கூப்பிட மாட்டார்கள். கடைசியில் ஆசிரியர் மதிப்பீட்டில் எழுதுகிறார்: குழுவோடு ஒட்டுவதில்லை.

ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் அறிமுகமே ஒரு கேள்வியோடு தொடங்குகிறது: "உன் ரேங்க் என்ன?" கேட்பதற்கு வெகு சாதாரணம். ஆனால் அந்த எண்ணைச் சொன்ன அடுத்த நொடி, எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவில் இடம் கிடைத்தது என்று எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். சாதியை வாயால் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மானுடவியலாளர் அஜந்தா சுப்பிரமணியன் சென்னை ஐ.ஐ.டி.யை மையமாக வைத்து எழுதிய 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' 2019இல் வெளிவந்தது. தலைமுறை தலைமுறையாகப் படிப்பைச் சொத்தாக வைத்திருந்த சாதிகள், அந்தச் சொத்தையே 'தகுதி' என்ற பெயரில் தங்கள் சொந்தத் திறமையாகக் காட்ட முடிந்தது எப்படி என்பதை அதில் விரிவாகக் காட்டியிருக்கிறார். பொதுப் பட்டியலில் வந்தவனுக்குச் சாதியே இல்லை என்பது போலவும், ஒதுக்கீட்டில் வந்தவனுக்கு மட்டும்தான் சாதி இருக்கிறது என்பது போலவும் ஒரு தோற்றம் உண்டாகிவிடுகிறது. 2023 பிப்ரவரியில் மும்பை ஐ.ஐ.டி.யில் முதலாமாண்டு மாணவர் தர்ஷன் சோலங்கி உயிரை விட்டார். அந்த ஆண்டு ஜூலையில் அந்நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில், சக மாணவரின் ரேங்கையோ ஒதுக்கீட்டுப் பிரிவையோ கேட்பது முறையல்ல என்று எழுதினார்கள். ஐ.ஐ.டி.க்கள் தொடங்கி அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து எழுதிய வரி அது. என்றாலும் எழுதியது நல்லதுதான். மற்ற இடங்களிலும் எழுத வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஒரு மெஸ்ஸில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி வாசல், அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி வாசல், கை கழுவும் தொட்டியும் தனித்தனி என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். சுவரில் ஒட்டிய தாளைக் கிழித்துவிடலாம். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு சாப்பிட்டு வளர்ந்த பையன் அந்த இரண்டு தொட்டிகளுக்கு நடுவே எச்சில் கையோடு நின்ற அந்த நிமிடத்தில் தன்னைப் பற்றி என்ன கற்றுக்கொண்டானோ, அதை எளிதில் அழிக்க முடியாது.

இதெல்லாம் ஓர் இடத்துக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். டெல்லி எய்ம்ஸில் சாதிப் பாகுபாடு நடப்பதாக எழுந்த புகாரை விசாரிக்க சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 2007இல் அறிக்கை கொடுத்தது. ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைக்கவில்லை என்று பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் 69 விழுக்காட்டினர் அந்தக் குழுவிடம் சொன்னார்கள். விடுதியிலும் மெஸ்ஸிலும் விளையாட்டுத் திடலிலும் ஒதுக்கப்பட்டதைச் சொன்னார்கள். மறு ஆண்டு, 2008 பிப்ரவரியில், சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரத்திலிருந்து ஐதராபாத் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் முனைவர் பட்டத்துக்காகப் போன செந்தில்குமார் இறந்துபோனார். பன்றி வளர்த்துப் பிழைக்கும் குடும்பம். அவருக்கு வழிகாட்டிப் பேராசிரியரே ஒதுக்கப்படவில்லை. ஆய்வு மாணவனுக்கு வழிகாட்டி இல்லை என்றால் அவன் அந்த வளாகத்தில் யாருடைய பொறுப்பும் இல்லை என்று பொருள். அதே பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா. 2017 மார்ச்சில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர், சேலத்து முத்துக்கிருஷ்ணன். 2019 மே மாதம் மும்பையில் மருத்துவ மேற்படிப்பு மாணவி பாயல் தட்வி. ரோகித்தின் தாயும் பாயலின் தாயும் சேர்ந்து சாதிப் பாகுபாட்டுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 மார்ச்சில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் தற்கொலைகளை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை அமைத்தது.

இந்தச் சாவுகளுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கம் வருகிறது: பையனுக்குத் தாழ்வு மனப்பான்மை, படிப்பு அழுத்தம், ஆங்கிலம் வரவில்லை. நானும் ஆசிரியர் என்பதால் பொறுப்போடு சொல்கிறேன், இந்த விளக்கத்தை நாம் ஏற்கக் கூடாது. நோய் மாணவனிடம் இருப்பதாகச் சொல்லி நிறுவனம் தப்பித்துக்கொள்கிற வழி அது. மனநல ஆலோசகர் வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். மனம் நொந்த பிள்ளை எந்த நேரமும் அழைக்க 104 என்ற அரசு எண்ணும் இருக்கிறது. மாணவர்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அறிவிப்புப் பலகையில் பெயரை ஒட்டிவிட்டு, அதனால் நொந்த பிள்ளையை ஆலோசகரிடம் அனுப்புவது வைத்தியம் ஆகாது.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பையன்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். காகிதத்தில் அச்சடித்த சிக்கல் பாதைக்குள் பென்சிலால் வழி கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை முடித்தார்களோ அத்தனைக்குக் காசு. யார் என்ன சாதி என்று சொல்லாமல் விளையாட விட்டபோது தலித் பையன்களும் மேல்சாதிப் பையன்களும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு முடித்தார்கள். பிறகு வேறு குழுக்களில், விளையாட்டுக்கு முன்பே ஒவ்வொருவனுடைய பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், ஊர், சாதி எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். தலித் பையன்கள் முடித்த எண்ணிக்கை சட்டென்று இறங்கிவிட்டது. சற்று முன் சொன்ன சுற்றறிக்கையை இதோடு சேர்த்துப் பாருங்கள். நடு வகுப்பில் பெயர் வாசித்த பத்தாவது நிமிடம் ஆசிரியர் கேள்வி கேட்கிறார். அந்தப் பெண் வாய் திறக்கவில்லை என்றால் அவளுக்குப் பாடம் தெரியாது என்று எப்படி முடிவு கட்டுவது?

இதற்கு மருந்து உண்டா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. பேர்பெற்ற ஒரு கல்லூரியின் முதலாமாண்டு மாணவர்களிடம் சுமார் ஒரு மணி நேரம் செலவிட்டார்கள். 'இது நம்ம இடம் இல்லையோ' என்ற பயம் முதலாமாண்டில் எல்லோருக்கும் வருவதுதான், நாளாக ஆக விலகிவிடும் என்று மூத்த மாணவர்கள் சொன்னதைப் படிக்கக் கொடுத்து, அதைப் பற்றி அவர்களையே எழுதவும் பேசவும் வைத்தார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளை மாணவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி பாதியாகக் குறைந்தது. இதைக் கேட்டதும், ஒரு மணி நேர வகுப்பில் தீர்த்துவிடலாமே என்று நிர்வாகங்கள் மகிழ்ந்துபோகும். ஆனால் வால்டனும் வேறு பல ஆய்வாளர்களும் 22 கல்லூரிகளில் 26,911 மாணவர்களிடம் திரும்பச் செய்து பார்த்து 2023இல் முடிவை வெளியிட்டபோது முக்கியமான ஒன்று தெரிந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே இடம் கொடுக்கிற கல்லூரிகளில்தான் இது பலித்தது. மற்ற இடங்களில் பலிக்கவில்லை. நல்ல விதைநெல்லைக் களர் நிலத்தில் தெளித்து என்ன பயன்? நிலத்தைத் திருத்துவது கல்லூரியின் வேலை.

நம் மாநிலத்தில் நிலம் திருத்தும் வேலை ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளே உள்ளே போனார்கள். அந்த ஆண்டு நூற்றுக்கணக்கில் போனார்கள். ஆனால் முதல் கலந்தாய்விலேயே என்ன நடந்தது என்பதை மறக்கக் கூடாது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சில பிள்ளைகள் கட்டணத்தை நினைத்துக் கண்ணீரோடு இடத்தை விட்டுவிட்டு வந்தார்கள். பிறகுதான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று தொழிற்படிப்புகளுக்கும் இந்த ஒதுக்கீடு விரிந்தது. இம்முறை கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும் என்று சேர்த்தே சொன்னார்கள். இதைப் பெரிய விஷயமாக நான் மதிக்கிறேன். அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் நேராக மாணவியின் கணக்குக்கே போவதையும் அப்படித்தான் மதிக்கிறேன். வகுப்பில் யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் தாங்களே இடம் உண்டாக்கிக்கொண்டதும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் 2014இல் மாணவர்கள் தொடங்கிய அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை 2015 மே மாதம் நிர்வாகம் ரத்து செய்தது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. ஜூன் முதல் வாரத்தில் திரும்பக் கொடுத்தது. அதன் அரசியலை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் இந்த அவையில் இருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மாலையில் கூடிப் பேச ஓர் அறை, தன் வீட்டுத் தமிழில் ஒரு வாதம், தனக்கு நடந்தது மற்றவனுக்கும் நடந்திருக்கிறது என்ற தகவல், இவை கிடைத்த பிள்ளை மணி அடித்ததும் ஓடுவதில்லை. சைதாப்பேட்டை எம்.சி. ராஜா அரசு மாணவர் விடுதியில் தங்கிப் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அறையில் எத்தனை பேர் நெருக்கிப் படுத்தோம் என்று குறைப்படுவார்கள். அடுத்த மூச்சில், எந்த அண்ணன் தனக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார் என்பதையும் சொல்வார்கள்.

பெற்றோருக்கு ஒன்று. "நல்லா இருக்கு" என்று பிள்ளை சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறாய், உடம்பு சரியில்லை என்றால் எந்த சிநேகிதனைக் கூப்பிடுவாய் என்று கேளுங்கள். இரண்டு பெயர் சொல்ல முடியவில்லை என்றால் மறுநாள் ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, கிளம்பிப் போய்ப் பாருங்கள். வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார் என்று தயங்க வேண்டாம். நீங்கள் அந்த மாணவரின் பெற்றோர். பாகுபாடு நடந்தால் புகார் வாங்க ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012இலேயே விதி போட்டிருக்கிறது. அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக இந்த அறக்கட்டளைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2024இல் முசாபர்நகர் மாவட்டத்து தலித் மாணவர் ஒருவருக்கு தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. 17,500 ரூபாயைக் கெடு நேரத்துக்குள் கட்ட முடியாததால் அந்த இடம் போய்விட்டது. அப்பா தினக்கூலி, கிராமத்தார் உட்படப் பலரிடம் வாங்கிச் சேர்த்த பணம், இணையத்தில் செலுத்துவதற்குள் நேரம் முடிந்துபோனது. அந்த ஆண்டுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர் நீதிமன்றம்வரை வந்து, பிறகு உச்ச நீதிமன்றம் போய், செப்டம்பர் 30ஆம் தேதிதான் இடத்தைத் திரும்பப் பெற்றார். எல்லாப் பிள்ளைகளாலும் உச்ச நீதிமன்றம் போக முடியாது. உதவித்தொகை பெரும்பாலும் கல்வியாண்டு பாதி கடந்த பிறகுதான் கைக்கு வருகிறது. ஜூலையில் கட்ட வேண்டிய முன்பணம், மெஸ் டெபாசிட், லேப் கோட், பாய் தலையணை, முதல் மாத சீசன் டிக்கெட் எல்லாவற்றுக்கும் வட்டிக்கு வாங்குகிறார்கள். ஆண்டுதோறும் இந்தச் சொற்பொழிவுக்காக நீங்கள் செலவிடும் தொகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, திருப்பாச்சூரிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஜூன் மாதத்திலேயே கையில் கிடைக்கும்படி ஒரு கைமாற்று நிதி வையுங்கள். உதவித்தொகை வந்ததும் திருப்பிக் கட்டட்டும். வராவிட்டால் கேட்க வேண்டாம். பெயர்ப் பட்டியலை எந்தப் பலகையிலும் ஒட்ட வேண்டாம். எனக்குத் தரவிருக்கும் சன்மானத்தை அந்த நிதியின் முதல் வரவாக எழுதிக்கொள்ளுங்கள். இங்கே பின்வரிசையில் இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்த நான்கைந்து பேர் உட்கார்ந்திருப்பதாக அவைத் தலைவர் சொன்னார். கூட்டம் முடிந்ததும் உங்களோடு பேச இருப்பேன். கடைசி ரயில்வரை எனக்கு நேரம் இருக்கிறது.